விண்ணை நோக்கிய செவி

இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சச் சென்ற தஞ்சை நாட்டு உழவர், வரப்பின்மேல் நின்று விண்மீன்களின் இருப்பைக் கண்டு பொழுதை அறிந்தனர். அங்ஙனம் நிமிர்ந்து நோக்குவார் உள்ளத்தில், "அங்கும் நம்மைப்போல் அறிவுடைய உயிர்கள் உளவோ?" என்னும் வினா எழுதல் இயல்பேயாம்.

இவ்வினா புதியதன்று. திருவாசகத்துள் திருவண்டப்பகுதி எண்ணிறந்த அண்டங்களைப் பற்றிப் பேசுகின்றது. ஆயினும், அருளாளரின் உள்ளக்காட்சி வேறு. ஆராய்ந்து காட்டும் சான்று வேறு. முன்னது இருந்தமையால் பின்னதும் நம்மிடம் இருந்தது என்று கூறுதல் முன்னோர்க்குப் பெருமை தருவதன்று.

சான்று தேடும் முயற்சி அண்மைக் காலத்தது. வேற்றுலகத்தார் அறிவுடையராயின் வானொலி அலைகளை விடுத்தல் கூடும் என்று கருதிய பிராங்க் டிரேக் என்னும் அறிஞர், 1960 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிலுள்ள கிரீன் பேங்க் என்னுமிடத்தில், அவ்வலைகளை ஏற்கும் தொலைநோக்கியை இரண்டு விண்மீன்களை நோக்கித் திருப்பினார். அவர் தேடிய குறி கிட்டவில்லை, தேடலோ நிற்கவில்லை.

பின்னர் இப்பணியில் பொதுமக்களும் சேர்ந்தனர். 1999 ஆம் ஆண்டில் பெர்க்கிலி நகரத்து அறிஞர்கள், தொலைநோக்கி திரட்டிய அலைப்பதிவுகளைச் சிறுசிறு கூறுகளாக்கி, விரும்பியவர்களின் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பினர். கணினி ஓய்ந்திருக்கும் வேளையில் அக்கூற்றை ஆராய்ந்து விடை தரும். 2020 வரை நடைபெற்ற இப்பணியில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பங்குகொண்டனர். காவிரிநாட்டுக் குடிமராமத்து முறையும் இத்தகையதே. ஊரார் ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்கு மண் வெட்டி வாய்க்காலைத் தூர் வாரினர். தாம் வெட்டிய இடத்தில் புதையல் கிடைக்கவில்லையே என்று எவரும் வருந்தியதில்லை.

"பசித்தோர் பலர் இருக்க, விண்ணில் யாரையோ தேடுதல் வீண் அன்றோ?" என்பார் உளர். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும், வானைக் கேட்கும் கருவிகள் ஒரு வினாவுக்கு மட்டும் பயன்படுவன அல்ல. உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், கோவிந்த் சுவரூப் என்னும் அறிஞர் தலைமையில் நம் நாட்டினரே சமைத்த வானொலித் தொலைநோக்கி 1970 ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய அக்கருவி வேற்றுலகத்தாரைத் தேட எழுந்ததன்று. ஆயினும், துடிப்பு விண்மீன்கள் முதலிய பலவற்றை ஆராய அது உதவியது.

அத்துடிப்பு விண்மீன்களின் வரலாறே ஒரு நல்ல பாடம். 1967 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் பயின்ற ஜோசலின் பெல் என்னும் மாணவி, ஏறத்தாழ 1.3 விநாடிக்கு ஒருமுறை தவறாது வரும் துடிப்பைக் கண்டார். வேற்றுலகத்தார் விடுத்த குறியோ என்னும் ஐயம் எழுந்தது. அவர் ஆரவாரம் செய்யாது மேலும் தேடினார். வானின் மற்றொரு திசையிலும் அத்தகைய துடிப்பைக் கண்டார். ஆகவே அது இயற்கையின் செயலே என்று தெளிந்தனர்.

1977 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 ஆம் நாள், ஒகையோ மாநிலத்துத் தொலைநோக்கி 72 விநாடி வலிய குறி ஒன்றைப் பதிந்தது. ஊதியமின்றி உழைத்த ஜெரி எமன் என்பவர் அப்பதிவின் ஓரத்தில் வியப்புச் சொல் ஒன்றை எழுதினார். "கண்டுகொண்டேன்" என்று அவர் எழுதவில்லை. பன்முறை தேடியும் அக்குறி மீண்டும் கிட்டவில்லை. வியத்தற்கு உரிமை உண்டு. சான்றின்றி முடிபு கூற உரிமை இல்லை.

வாய்க்காலைத் தூர் வாரும் உழவர்க்குக் காவிரி உண்டு என்பது தெரியும். விண்ணைத் தேடுவார்க்கு அவ்வுறுதியும் இல்லை. எனவே அவர்க்குப் பொறுமை இன்னும் மிகுதியாக வேண்டும். தேடி ஒருவரையும் காணாவிடினும் இழப்பில்லை. அங்ஙனமாயின், இம்மண்ணில் வாழும் உயிர் எத்துணை அரிது என்பது விளங்கும். அதனைப் பேணும் கடமையும் பெரிதாகும்.