கடைசி வரி எங்கே போச்சு?

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பாட்டிக்கு மூன்று மாதமாக முதியோர் உதவித்தொகை வரவில்லை. "இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே மனு போடலாமாமே, நீ போட்டுக் குடேன் தாயி" என்றார். அரை மணி நேர வேலைதானே என்று உட்கார்ந்தேன்.

பாட்டி சொல்லச் சொல்ல, மொபைலில் தமிழிலேயே தட்டி வைத்துக்கொண்டேன். எதையும் ஆதியிலிருந்து ஆரம்பிப்பவர் அவர். தாத்தா இறந்தது, மகன் வெளியூர் போனது எல்லாம் முதலில் வந்தன. வங்கிக் கணக்கு மாறிப்போன சமாசாரம் கடைசி வரியில்தான் வந்தது. அப்படியே காப்பி செய்து படிவத்தில் ஒட்டி, அனுப்பினேன். 'தவறான உள்ளீடு' என்று சிவப்பில் ஒரு வரி. எது தவறு? பெயரா, பின்கோடா, ஆதார் எண்ணா? ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, கடைசியில் குற்றவாளி கதவு எண்ணில் இருந்த சாய்கோடு என்று கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. அதை எடுத்ததும் மனு போய்விட்டது.

"எங்க, படிச்சுக் காட்டு" என்றார் பாட்டி. ஒப்புகைச் சீட்டைப் படித்தால், மகன் வெளியூர் போனதோடு மனு முடிந்துவிட்டது. வங்கிக் கணக்கைக் காணோம்!

அந்தக் கட்டத்துக்கு 500 எழுத்துதான் எல்லையாம். ஒட்டும்போதே மீதியை வெட்டிவிட்டது, அதுவும் வாயைத் திறக்காமல். சாய்கோட்டுக்குக் கூச்சல் போட்ட படிவம், முக்கியமான வரியை விழுங்கியபோது மூச்சுவிடவில்லை.

இதில் நம் மொழிக்கு ஒரு தனிக் கஷ்டமும் உண்டு. 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு 3 எழுத்து. கணினிக்கோ 5. மெய்யெழுத்தின் புள்ளி, மேலே போடும் விசிறி எல்லாமே அதற்குத் தனித்தனி எழுத்து. 'லட்சுமி' நமக்கு 4, அதற்கு 7. ஆக, 500 என்று போட்டிருந்தால் தமிழில் முந்நூறு சொச்சம்தான் தேறும். எஸ்.எம்.எஸ்.ஸிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும் ஒரு செய்தியில், தமிழ் கலந்தால் 70தான்.

எந்தக் கட்டத்தில் தவறு, என்ன தவறு என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது இணையத்துக்கான சர்வதேச அணுகல் நெறிமுறைகளிலேயே 2008 முதல் இருக்கிறது. 'இன்னும் 42 எழுத்து பாக்கி' என்று கீழே காட்டுவதும் பெரிய வித்தையல்ல. செய்திருந்தால் பாட்டி இரண்டாவது தடவை என் வீட்டுப் படியேறியிருக்க வேண்டாம்.

மறுநாள் புது மனு. வங்கிக் கணக்கு முதல் வரிக்கு வந்தது. இடம் போதாமல் தாத்தாவை எடுத்துவிட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"விடு தாயி, இருந்தப்பவும் அந்த மனுசன் எந்த ஆபீசுக்கும் வந்ததில்ல" என்றார் பாட்டி.

முதல் மனுவைத் திரும்பப் பெற வழியில்லை. கையில் இரண்டு மனு எண்கள். இரண்டிலும் 'பரிசீலனையில் உள்ளது' என்றே வருகிறது.