இடிமழையை உற்றுநோக்கும் பழக்கம்

ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய பகுதிகளில் பகல் முழுதும் கடும் உஷ்ணம் நிலவி, மாலை வேளையில் மேற்கு அடிவானம் கறுத்து, தூரத்தே மின்னல் தோன்றுவது சாதாரணமான காட்சியாகும். அப்பொழுது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே செல்பவர் பலர். தாழ்வாரத்திலோ திண்ணையிலோ இருந்துகொண்டு அம்மேகம் எப்பக்கம் நகர்கிறது, எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்று ஆவலோடு பார்த்திருப்பவர் சிலர். இரண்டாவது வகையினரை வேலையற்றவர் என்று எண்ணுவது பொதுவழக்கு. அவ்வெண்ணம் தவறானது. இடிமழையைக் கண்டு களிப்பவரே அதன் போக்கை அறிகிறார். அதன் போக்கை அறிந்தவரே களத்தையும் வயலையும் காலத்தில் காத்துக்கொள்ளுகிறார். இப்பழக்கம் விவசாயத்தின் ஓர் அங்கமாகவே கருதப்படவேண்டும்.

சென்னையைச் சார்ந்த இப்பிரதேசத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர். இதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பது. ஆயினும் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்களில் பெய்வதும் சுமார் மூன்றிலொரு பங்கு இருக்கும். இந்த மூன்றிலொரு பங்கு பெரும்பாலும் இடியோடு கூடியதே. அதை அற்பமென்று தள்ளுவதற்கில்லை. 2023-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடைமழைக் காலத்திலும் எல்லா நாட்களிலும் இவ்வளவு பெய்வதில்லை.

இம்மழை எவ்விதம் உண்டாகிறதென்பதை அறிந்துகொள்வது கடினமன்று. காலையிலிருந்து வெயிலால் சூடேறிய தரையின் மேலுள்ள காற்று இலேசாகி மேலெழும்புகிறது. நண்பகலையொட்டிக் கடற்காற்று கரையேறி, மெல்ல மேற்கு நோக்கி உள்நாட்டிற்குள் நுழைகிறது. அம்பத்தூர் கடலிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரிலும், ஆவடியும் பூவிருந்தவல்லியும் சுமார் 20 கிலோமீட்டரிலும் இருப்பதால், கடற்காற்று இவ்வூர்களை அடைவது கரையோரத்தை அடைந்த பின்னரே. உள்நாட்டின் உஷ்ணக் காற்றும் ஈரம் நிறைந்த கடற்காற்றும் ஒன்றோடொன்று மோதும் எல்லையில் காற்று மேலே தள்ளப்பட்டு மேகம் திரளுகிறது. இதுவன்றி, மேற்கேயும் வடமேற்கேயும் உள்ள ஜவ்வாது மலை, நகரி மலை, திருப்பதி மலை ஆகிய குன்றுப் பிரதேசங்களில் பிற்பகலிலேயே இடிமேகங்கள் எழும்பிவிடுகின்றன. இக்காலத்தில் மேல் ஆகாயத்தில் வீசும் காற்று மேற்கிலிருந்து கிழக்காகச் செல்வதால், அம்மேகங்கள் இராணிப்பேட்டை, அரக்கோணம், திருத்தணி, திருவள்ளூர் வழியாகக் கிழக்கு நோக்கி உந்தப்பட்டு, மாலையிலோ இரவிலோ இப்பகுதிக்கு வந்து சேருகின்றன. தரையில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசிக்கொண்டிருக்க, மழைமேகம் அதற்கு எதிர்த்திசையாக மேற்கிலிருந்து வருவதைக் கண்டு வியப்போர் உண்டு. கீழ்க்காற்று வேறு, மேகத்தைச் செலுத்தும் மேற்காற்று வேறு என்பதை நினைவில் கொண்டால் அவ்வியப்பு நீங்கும்.

ஓர் இடிமேகத்தின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்கு மேற்படாது. ஆனால் அது கலையும்பொழுது அதிலிருந்து குளிர்ந்த காற்று கீழிறங்கி நாற்புறமும் பரவி, அடுத்தவூரில் புதிய மேகத்தை எழுப்பிவிடுகிறது. மழைக்கு முன்பாகப் புழுதியை வாரிக்கொண்டு வரும் சில்லென்ற காற்று இதுவே. இதனாற்றான் திருவள்ளூரில் ஓய்ந்த மழை திருநின்றவூரில் தொடங்குவதும், பட்டாபிராமில் கொட்டித் தீர்த்த மழை பூவிருந்தவல்லியில் தூறலோடு நின்றுவிடுவதும் நிகழ்கின்றன. கரையோரத்தில் கடற்காற்று முன்னதாகவே நுழைந்து தரையைக் குளிரச் செய்துவிட்ட நாட்களில், மேற்கேயிருந்து வரும் மேகம் அங்கு செல்லுமுன் பலமுறை வலுவிழந்து போகிறது. மேற்குப் புறநகரில் நல்ல மழையும் மயிலாப்பூரில் வெறும் மின்னலுமாக முடியும் இரவுகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஐப்பசி பிறந்ததும் இந்த ஒழுங்கு தலைகீழாக மாறிவிடுகிறது. அப்பொழுது மேகங்கள் கடலிலிருந்து வந்து கரையேறுகின்றன. மாலையைவிட இரவின் பிற்பகுதியிலும் விடியற்காலையிலும் மழை வலுப்பதுண்டு. ஆகவே ஆடியில் மேற்கை நோக்கிப் பழகிய கண்ணைக் கார்த்திகையில் கிழக்கு நோக்கித் திருப்பவேண்டும். 'அந்தி மழை அழுதாலும் விடாது' என்பது பழமொழி. அது எந்த மாதத்து அந்தி, எந்தத் திசையிலிருந்து வந்த மேகம் என்பதைச் சேர்த்து ஆராய்ந்தாலன்றிப் பழமொழியின் பயன் முழுமையும் கிட்டாது. முன்னோர் மொழிகளை இகழ்வதும் பிழை. அவற்றைச் சோதியாமல் நம்பிக் களத்தில் நெல்லைப் பரப்புவதும் பிழை.

விவசாயிக்கு இதனால் என்ன பிரயோஜனம் என்ற கேள்வி எழலாம். திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்களில் நெல் சாகுபடியாகிறது. இவற்றுள் சொர்ணவாரியின் அறுவடை, மாலை இடிமழை மிகுந்த ஆடி, ஆவணி மாதங்களிலேயே வந்து விழுகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்திற்கு மேற்படலாகாது என்பது பொதுவிதி. இரண்டு நாள் வெயிலில் உலர்த்திய நெல் அரைமணி மழையில் நனைந்தால், அவ்விரண்டு நாள் உழைப்பும் வீணாவதோடு, நெல் முளைவிட்டும் நிறம் மங்கியும் விலை குன்றிப்போகும். பிற்பகல் 3 மணிக்கே மேற்கில் மேகம் குவியக் கண்டவர் 4 மணிக்குள் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போர்த்திவிடுவார். காணாதவர் முதல் துளி விழுந்த பின் ஆளைத் தேடி ஓடுவார். அவ்வாறே, மாலையில் மழை வரும் குறியிருக்க மதியம் யூரியா இட்டால் அது ஓடையோடு ஓடிவிடும். பூச்சிமருந்து தெளித்தால் இலையில் தங்காது கழுவப்பட்டுவிடும். ஓர் ஏக்கருக்கு இறைக்கும் நீரை ஒரு நாள் பொறுத்து வானமே தருமாயின், மோட்டார் ஓட்டிய மின்சாரமும் கிணற்று நீரும் மிச்சம்.

இக்காலத்தில் ராடார் படங்களும் முன்னறிவிப்புகளும் கைப்பேசியிலேயே கிடைக்க, வானத்தை அண்ணாந்து பார்ப்பது எதற்கு என்பது சிலர் கூறும் ஆட்சேபணை. விஞ்ஞான சாதனங்களைக் குறைத்துக் கூறுவது இங்கு நோக்கமன்று. 1792-ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் வான் ஆராய்ச்சி நிலையம் அமைந்த காலத்திலிருந்து இந்நகரம் வானிலைக் கல்விக்குப் பேர்பெற்றது. 2002-ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் டாப்ளர் ராடார் நிறுவப்பட்டது முதல், மேகங்களின் நடமாட்டத்தை நிமிஷக் கணக்கில் அறிய முடிகிறது. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் 'தமிழ்நாடு வெதர்மேன்' என்ற பெயரில் எழுதிவரும் பிரதீப் ஜான் போன்ற ஆர்வலர்களின் குறிப்புகளைப் பல்லாயிரம் பேர் படிக்கின்றனர். அவர் வானிலை இலாகாவின் உத்தியோகஸ்தரல்லர். மழையின்மேல் கொண்ட பிரியத்தினால் அதைப் பின்தொடர்ந்து கற்றவர். பிரியமே கல்விக்கு வழியாகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும், ஒரு மாவட்டம் முழுமைக்கும் 'ஓரிரு இடங்களில் இடியுடன் மழை' என்று அறிவிப்பு வரும்பொழுது, அவ்வோரிரு இடங்கள் எவை என்பதை முற்பகலில் எவராலும் திட்டமாகக் கூற முடியாது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி பிற்பகலில் சென்னையில் பெய்த பெருமழை, முன்கூட்டி அவ்வளவாக எதிர்பார்க்கப்படாததாகவே வந்து நகரத்தை ஸ்தம்பிக்கச் செய்தது. பெரும் மழையிலும் ஊருக்கு ஊர் வேற்றுமை உண்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும், நுங்கம்பாக்கத்தில் சுமார் 29 சென்டிமீட்டரும் பதிவாயின. பரந்த பருவமழையிலேயே இத்தனை வித்தியாசமெனில், சில கிலோமீட்டர் அகலமே உள்ள இடிமேகத்தின் மழை எவ்வளவு மாறுபடும் என்று சொல்லவேண்டுவதில்லை. கருவி மாவட்டத்தைக் காக்கும். களத்தைக் காப்பது அக்களத்தருகே நிற்பவரின் கண்ணேயாகும். இரண்டும் சேர்ந்தால்தான் அறிவு பூரணமாகும்.

வெறும் பார்வை மட்டும் போதாது, அளவும் வேண்டும். 'ஓர் உழவு மழை' என்று கூறுவது உழவனுக்குப் போதுமாயினும், இவ்வாண்டு மழையைச் சென்ற ஆண்டோடு ஒப்பிடுவதற்கு எண் அவசியம். மழைமானி அரிய பொருளன்று. வாயும் அடியும் ஒரே அகலமாயுள்ள, பக்கங்கள் செங்குத்தான ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில், மரம், சுவர் முதலியவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்திற்கு அப்பால் மட்டமாக வைத்து, தினந்தோறும் காலை 8.30 மணிக்குத் தேங்கிய நீரின் ஆழத்தை அளவுகோலால் அளந்து எழுதிவந்தால் போதும். வானிலை இலாகாவும் அந்த வேளையிலேயே அளப்பதால் ஒப்பிடுவது எளிது. 1 மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் நீர். ஓர் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். 25 மில்லிமீட்டர் மழை பெய்த வயலுக்கு வானம் அளித்தது ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். இக்கணக்கை அறிந்த விவசாயி மறுநாள் மதகைத் திறப்பதா வேண்டாமா என்று பிறரைக் கேட்கவேண்டியதில்லை. ஊராட்சிப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி வைத்து, மாணவர்களைக்கொண்டு அளந்து, கரும்பலகையில் எழுதச் செய்தால் செலவு அற்பம். பயன் தலைமுறைக்கும் நிற்கும்.

இவ்விஷயத்தில் கழனி இழந்து வீடுகளாய்ப் பெருகிவிட்ட ஊர்களுக்கும் பங்குண்டு. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அதிலிருந்து இரட்டை ஏரிக்கும் நீர் செல்லும்படி முன்னோர் தொடராக அமைத்தனர். பாசனத்திற்காக வெட்டப்பட்ட அவ்வேரிகளைச் சுற்றி இன்று தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் சூழ்ந்துள்ளன. மழை பெய்யும்பொழுது தெருவில் நீர் எப்பக்கம் ஓடுகிறது, எந்த வரத்துக்கால்வாய் அடைபட்டிருக்கிறது, எவ்வளவு மழைக்கு எந்தத் தெரு மூழ்குகிறது என்பதை அவ்வூரார் குறித்து வைத்தால், அக்குறிப்பு அதிகாரிகளிடம் கொடுக்கும் எந்த விண்ணப்பத்தையும்விட வலுவுள்ளதாகும். மழையை நேசிப்பவர் அதன் வழியை அடைக்கச் சம்மதிக்கமாட்டார். வானத்தை ரசித்துவிட்டுக் கால்வாயில் குப்பை கொட்டுவது நேசமாகாது.

இடிமழையைக் கண்டு களிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் மின்னல் தாக்கி இறப்போர் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்திற்கு மேற்படுகின்றனர். இவர்களில் வயல்வெளியில் வேலை செய்பவரும் ஆடுமாடு மேய்ப்பவருமே மிகுதி. மின்னலைக் கண்டு இடியோசை கேட்கும்வரை எண்ணினால், ஒவ்வொரு மூன்று வினாடிக்கும் ஒரு கிலோமீட்டர் தூரமென்று கணக்கிடலாம். முப்பது வினாடிக்குள் ஓசை கேட்டால் மேகம் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது; உடனே வரப்பையும், ஏரிக்கரையையும், மொட்டைமாடியையும் விட்டு நீங்கி, நல்ல கட்டடத்தினுள் புகவேண்டும். தனிமரத்தடியும் பம்புசெட்டின் தகரக் கொட்டகையும் அடைக்கலமாகா. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழிந்த பின்னரே வெளியே வருதல் நலம். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் அளித்துள்ள 'தாமினி' என்னும் கைப்பேசிச் செயலி, மின்னல் அருகில் வருவதை முன்னதாக எச்சரிக்கும். வாசற்படிக்குள் நின்று பார்த்தாலும் வானம் அதே அழகோடுதான் காட்சியளிக்கிறது.

சொர்ணவாரி அறுக்கும் குடியானவர்கள் அறுவடை தொடங்குமுன்பே ஒரு நோட்டுப்புத்தகத்தைக் களத்தருகே வைத்துக்கொள்வார்களாக. மேகம் தோன்றிய நேரம், திசை, மழை தொடங்கிய வேளை, மறுநாட்காலை அளந்த அளவு ஆகிய இந்நான்கையும் ஒவ்வொரு நாளும் ஒரு வரியில் எழுதினால் போதும். மூன்று பருவங்கள் இவ்வாறு எழுதியவருக்கு அவரவர் ஊரின் மழை, பழகிய உறவினர்போல் ஆகிவிடும்: எப்பொழுது வரும், எவ்வழியாக வரும், எவ்வளவு நேரம் தங்கும் என்பது ஒருவாறு தெரிந்திருக்கும், தவறி வரும் நாளிலும் அதைக் கண்டு திகைக்க நேராது.