தவறு செய்தவர் யார் என்று மட்டும் கேட்டால் போதுமா?



எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முன்பு ஒரு விதி இருந்தது. கருவியைக் கெடுத்தவர் அதன் விலையைக் கட்ட வேண்டும். விதி நல்லதுதானே என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஒரு நாள் ஒரு மாணவி ஓர் அம்மீட்டரைக் கொண்டுவந்து, "ஐயா, இது எப்போதும் கூடுதலாகவே காட்டுகிறது" என்றாள். பார்த்தேன். முள் வளைந்திருந்தது. யாரோ அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைச் செலுத்தியிருக்கிறார்கள். முள் வேகமாக ஓரத்தில் மோதி வளைந்துவிட்டது. விலை கட்ட அஞ்சி, சத்தமில்லாமல் அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குள் மூன்று வகுப்பு மாணவர்கள் அதே கருவியில் அளந்து தவறான விடைகளை எழுதியிருந்தனர்.

எங்கள் விதி கருவியைக் காப்பாற்றவில்லை. உண்மையை மறைக்கத்தான் கற்றுக்கொடுத்தது.

ஆய்வுக்கூடத்தில் இப்படி நேர்ந்தால் சில மதிப்பெண்கள் போகும். மருத்துவமனையில் நேர்ந்தால் உயிர் போகும். மருத்துவமனையில் சிகிச்சை பெறும் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு அச்சிகிச்சையின்போதே ஏதேனும் தீங்கு நேர்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதைக் குறைக்க வழி என்ன? தவறு செய்தவரைத் தேடிப்பிடித்துத் தண்டிப்பதே வழி என்று பலரும் எண்ணுகின்றனர். அது போதாது என்பது என் கருத்து. காரணத்தை இயற்பியலோடு தொடர்புடைய ஓர் உண்மை நிகழ்ச்சியால் விளக்குகிறேன்.

எட்டு விநாடிகள்

தெரக்-25 என்பது கனடா நாட்டு அணுசக்தி நிறுவனம் ஒன்று தயாரித்த, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு அளிக்கும் கருவி. இது இரண்டு வகையில் இயங்கும். முதல் வகையில், எலெக்ட்ரான் கற்றை குறைந்த மின்னோட்டத்தில் வெளிவரும். காந்தங்கள் அதைப் பரப்பி நோயாளியின் உடலில் விழச் செய்யும். இரண்டாம் வகையில், எலெக்ட்ரான்கள் ஓர் உலோக இலக்கில் மோதி எக்ஸ் கதிர்களை உண்டாக்கும். இதற்கு ஏறத்தாழ நூறு மடங்கு மின்னோட்டம் தேவை. அப்படியானால், எக்ஸ் கதிருக்கான மின்னோட்டம் பாயும்போது இலக்கு அதன் இடத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அத்தனை எலெக்ட்ரான்களும் நோயாளியின் மீதே பாயும்.

1986 மார்ச் மாதம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்ற நகரில் அதுதான் நடந்தது. கருவியை இயக்கிய பெண் ஊழியர், எலெக்ட்ரானுக்குரிய எழுத்துக்குப் பதிலாக எக்ஸ் கதிருக்குரிய எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே கவனித்துத் திருத்தியும் விட்டார். ஆனால் காந்தங்கள் நிலைகொள்ள எட்டு விநாடிகள் பிடிக்கும். அந்த இடைவெளிக்குள் செய்த திருத்தத்தைக் கணிப்பொறி நிரல் முழுமையாகக் கண்டுகொள்ளவில்லை. திரையில் "கோளாறு 54" என்று மட்டும் வந்தது. குறைந்த அளவே கதிர் சென்றதாகவும் திரை காட்டியது. இத்தகைய அறிவிப்புகள் அன்றாடம் வந்துகொண்டிருந்ததால் ஊழியர் மீண்டும் பொத்தானை அழுத்தினார். நோயாளி பெற்றது உரிய அளவைப்போல் நூறு மடங்கு அளவிலான கதிர்வீச்சு என்று பின்னர் மதிப்பிட்டார்கள். ஐந்து மாதங்களில் அவர் இறந்தார்.

நிறுவனப் பொறியாளர்கள் வந்து சோதித்தனர். மிகை அளவு கொடுக்க இக்கருவியால் இயலாது என்றனர். ஏப்ரல் மாதம் அதே மருத்துவமனையில், அதே முறையில், இன்னொருவர் பாதிக்கப்பட்டு மூன்று வாரங்களில் இறந்தார். அதன்பின் அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் அந்த ஊழியரும் சேர்ந்து அமர்ந்து, மீண்டும் மீண்டும் தட்டிப்பார்த்து, விரைந்து திருத்தினால்தான் கோளாறு வருகிறது என்று கண்டுபிடித்தார்கள்.

இப்போது சொல்லுங்கள், குற்றம் யாருடையது? தட்டச்சுப் பிழை செய்து உடனே திருத்திய ஊழியருடையதா? அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தால் அந்த நிரல் திருந்தியிருக்குமா? கோளாற்றைக் கண்டுபிடிக்க உதவியவரே அவர்தாம் என்பதையும் மறவாதீர்கள்.

ஓர் உருகு இழையின் பாடம்

இன்னொரு செய்தி இதைவிட வியப்பானது. இக்கருவிக்கு முந்திய தெரக்-20இன் நிரலிலும் இதே பிழை இருந்தது. ஆனால் அதனால் யாரும் இறக்கவில்லை. ஏனெனில் அதில் தனியாக மின்காப்பு அமைப்புகள் இருந்தன. தவறு நேர்ந்தபோதெல்லாம் உருகு இழை எரிந்து கருவி நின்றது, அவ்வளவுதான். கணிப்பொறி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் புதிய கருவியில் அக்காப்புகளை விட்டுவிட்டார்கள். 1985 முதல் 1987 வரை ஆறு விபத்துகள் நேர்ந்தன.

உங்கள் வீட்டில் உருகு இழை எதற்காக? வீட்டில் யாரும் தவறே செய்யமாட்டார்கள் என்பதற்காக அல்ல. என்றேனும் செய்வார்கள், அப்போது வீடு எரியக்கூடாது என்பதற்காக. மருத்துவமனைக்கும் இந்த அறிவுதான் தேவை.

இத்தகைய ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. மயக்கமருந்துக் கருவியில் பொருத்தும் சிறிய உருளைகளைப் பாருங்கள். ஆக்சிஜன் உருளைக்குரிய இடத்தில் உள்ள முளைகள் ஆக்சிஜன் உருளையின் துளைகளில் மட்டுமே பொருந்தும். நைட்ரஸ் ஆக்சைடு உருளைக்குத் துளைகள் வேறு இடத்தில் இருக்கும். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் மாட்டினாலும் மாறிப்போகாது.

2008ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு 19 கேள்விகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. நோயாளி யார், எந்தப் பக்கத்தில் அறுவை, பஞ்சும் ஊசியும் கணக்குச் சரியா என்று வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது. தேவைப்பட்டது ஒரு தாள்தான்!

"அப்படியானால் கவனக்குறைவானவரைத் தண்டிக்கவே கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். குடித்துவிட்டுப் பணிக்கு வருபவரையும், தெரிந்தே விதியை மீறுபவரையும் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் கவனமாக உழைப்பவரிடமும் பிழை நேரும். அவர் அஞ்சாமல் "இப்படி ஆகிவிட்டது" என்று சொல்ல இடமிருந்தால்தான் அடுத்த நோயாளி பிழைப்பார். தெரக் விபத்துகளில் ஓரிடத்தில் நேர்ந்தது மற்ற இடங்களுக்கு உடனே முழுமையாகத் தெரிந்திருந்தால் சில உயிர்களேனும் தப்பியிருக்கலாம்.

உங்களுள் சிலர் நாளை செவிலியராவீர்கள், சிலர் மருத்துவராவீர்கள், சிலர் நிரல் எழுதுவீர்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் தாத்தா பாட்டிக்கு மருந்து கொடுக்குமுன் பெயரையும் அளவையும் உரக்கப் படியுங்கள். ஏதேனும் ஒரு மருந்து அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால், மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்போது அந்த விதி இல்லை. வாசலருகே ஒரு குறிப்பேடு தொங்குகிறது. எது கெட்டது, எப்படிக் கெட்டது என்று அதில் எழுதினால் போதும், பெயர் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு அம்மீட்டர் மின்சுற்றிலும் ஓர் உருகு இழையும் சேர்த்துவிட்டோம். குறிப்பேட்டில் பெயரோடு எழுதப்பட்ட முதல் தவறு என்னுடையது.