சீட்டும் நாற்காலியும்

பிரிட்டனில் 2016 முதல் 2024-க்குள் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஆறு பேர். அதில் லிஸ் ட்ரஸ் 49 நாள்தான். அரசு மேல் மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டது என்று அங்கே புலம்புகிறார்கள்.

நம் பக்கம் நாற்காலி அவ்வளவு ஆடுவதில்லை. ஆனால் நம்பிக்கை? பழவேற்காடு ஏரியில் இருக்கிற பசியாவரம் பக்கம் போய்க் கேளுங்கள்.

காட்டுப்பள்ளி துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்க அதானி குழுமம் திட்டம் போட்டது. மக்கள் கருத்தைக் கேட்க 2021 ஜனவரி 22 என்று தேதி குறித்தார்கள். தள்ளிப்போனது. அப்போது எதிர்க்கட்சியாக இருந்து எதிர்த்த தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அந்த ஆட்சியிலும் 2023 செப்டம்பர் 5 என்று ஒரு தேதி. அதுவும் தள்ளிப்போனது. தள்ளிப்போனது கூட்டம்தான், திட்டம் அல்ல. ஒவ்வொரு தேதிக்கும் வயிற்றில் புளி கரைவது மீனவருக்குத்தான்.

இதே ஏரியில் மீனவர்களிடம் 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. வலை போடும் இடத்தை, பாடு உரிமை உள்ளவர்கள் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். மோசமான இடம் விழுந்தவர் முணுமுணுப்பார்தான். ஆனாலும் வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். சீட்டு எடுத்ததை அவரே கண்ணால் பார்த்தாரே!