எங்களிடம் கேட்கும் கணக்கை எல்லாரிடமும் கேளுங்கள்

மாண்புமிகு மத்திய சுகாதாரம், குடும்பநலத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது ஹெச்.ஐ.வி. கூட்டுமருந்து தரும் மையத்தில், வரிசையில் நின்று மாத்திரை வாங்கும் பல லட்சம் பேரில் ஒருவன் நான். பெயரும் ஊரும் குறிப்பிடாமல் எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். தன் நிலையை வெளியே சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தங்கள் அமைச்சகம் கொண்டுவந்த சட்டமே சொல்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொள்கிறேன். தனி மனுவாக அனுப்பாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுவது, இது என் ஒருவனுடைய குறை அல்ல என்பதால்தான்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். 1986-இல், அன்றைய மதராஸில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலாகத் தெரியவந்தது. மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அந்த வேலையைச் செய்தபோது இந்த நோய்க்கு மருந்தென்று சொல்ல எதுவும் இல்லை. 2004 ஏப்ரல் 1 அன்று 8 அரசு மருத்துவமனைகளில் கூட்டுமருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது. 2017 முதல், ரத்தத்தில் சிடி4 என்ற நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் பாசிட்டிவ் என்று தெரிந்த எல்லாருக்கும் சிகிச்சை என்றானது. நாட்டில் ஹெச்.ஐ.வி.யோடு வாழும் ஏறத்தாழ 25 லட்சம் பேரில் பெரும்பாலோர் இன்று அந்த மாத்திரையால் நடமாடுகிறோம். அந்த நன்றியை மறந்துவிட்டு இந்த மடலை எழுதவில்லை.

அந்த மாத்திரை ஒரு நிபந்தனையோடு வருகிறது. மையத்துக்குப் போகும்போது மிச்ச மாத்திரையோடு டப்பாவைக் கொண்டுபோக வேண்டும். ஆலோசகர் அதைக் கொட்டி எண்ணுவார். கணக்கு இடித்தால் ஏன் என்று கேட்பார். 100 வேளையில் 95 வேளையாவது தவறாமல் விழுங்கியிருக்க வேண்டும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்கு மசியாத வடிவம் எடுத்துவிடும், பிறகு அடுத்த வரிசை மருந்துக்குப் போக வேண்டியிருக்கும், அதுவும் போனால் கையில் அதிகம் இல்லை என்று அவர் பொறுமையாக விளக்குவார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கூட எங்கள் வரிசையில் ‘ரெசிஸ்டன்ஸ்’ என்றால் என்னவென்று சொல்வார். மருந்தை எண்ணிச் சாப்பிட எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அரசு. நாங்களும் கற்றுக்கொண்டோம்.

இப்போது குறைக்கு வருகிறேன்.

2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 14ஆவது பிரிவு மூன்று வாக்குறுதிகளைத் தருகிறது: நோய் கண்டறியும் வசதி, கூட்டுமருந்துச் சிகிச்சை, எதிர்ப்புச் சக்தி குறையும்போது தாக்கும் சந்தர்ப்பவாதத் தொற்றுகளுக்கான சிகிச்சை. இயன்ற வரையில் என்ற ஒரு நிபந்தனையும் கூடவே இருக்கிறது. இரண்டாவது வாக்குறுதியைப் பெருமளவு காப்பாற்றினீர்கள். மூன்றாவதுதான் எங்கள் வயிற்றுக்குள் தோற்றுக்கொண்டிருக்கிறது.

உடலின் நோயெதிர்ப்பு அணுக்களில் பெரும்பங்கு குடல் சுவரில் இருக்கிறது. ஹெச்.ஐ.வி. உடலுக்குள் புகுந்த முதல் சில வாரங்களிலேயே அங்குள்ள சிடி4 அணுக்களைத்தான் பேரளவில் அழிக்கிறது. சிகிச்சையால் ரத்தத்தில் எண்ணிக்கை ஏறிய பின்னும் குடல் சுவர் அவ்வளவு விரைவாகத் தேறுவதில்லை. மற்றவர்களுக்கு இரண்டு நாள் பேதியோடு போகிற சால்மொனெல்லா கிருமி, சிடி4 குறைந்தவருக்குக் குடலைத் தாண்டி ரத்தத்தில் இறங்கும். மருந்து கொடுத்துத் தணித்தாலும் திரும்ப வரும். திரும்பத் திரும்ப வரும் சால்மொனெல்லா ரத்தத் தொற்று 1987-லேயே எய்ட்ஸ் நிலையின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஷிகெல்லா, கேம்பிலோபேக்டர், ஈ.கோலையின் சில வகைகள் எல்லாம் இதே வழியில் வருபவை. சீக்கிரம் சிகிச்சை தொடங்கி, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுபவருக்கு இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். தாமதமாகத் தெரிய வந்தவர்கள், இடையில் சிகிச்சை விட்டுப்போனவர்கள், மருந்து பலிக்காதவர்கள் ஆகியோருக்குக் குறைவதில்லை.

இந்தக் கிருமிகளுக்கு எதிராக எங்களிடம் இருந்தவை விலை மலிந்த சில மருந்துகளே. சிடி4 350-க்குக் கீழே இருப்பவருக்குத் தினமும் கொடுக்கப்படும் கோட்ரைமாக்சசோல் அவற்றில் ஒன்று. நிமோனியாவிலிருந்தும் மூளைத் தொற்றிலிருந்தும் எத்தனையோ பேரைக் காத்த மாத்திரை அது. அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் குடல் கிருமிகளில் பெரும்பகுதி அதற்கு மசிவதை நிறுத்திப் பல காலம் ஆயிற்று. அடுத்து இருந்தது சிப்ரோஃப்ளாக்சாசின். அந்த வகை மருந்துக்கு மசியாத ஷிகெல்லாவையும் சால்மொனெல்லாவையும் உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட முன்னுரிமைக் கிருமிகள் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஊசியில் போடும் செஃப்ட்ரியாக்சோனுக்கும், அதற்கும் மேலே இருக்கும் கார்பபெனெம் வகைக்கும் மசியாத குடல் கிருமிகள் அதே பட்டியலின் உச்சியில் இருக்கின்றன.

இந்த மருந்துகளை யார் செலவழித்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

எந்த ஊர் மருந்துக்கடையிலும் போய் வயிறு சரியில்லை என்று சொல்லிப் பாருங்கள். சீட்டு கேட்க மாட்டார்கள். பாக்டீரியாவுக்கு ஒன்று, அமீபாவுக்கு ஒன்று என்று இரண்டையும் ஒரே மாத்திரையில் அடைத்த கலவை நாலைந்தை அட்டையிலிருந்து வெட்டி, பலசரக்குக் கடையில் சீரகம் மடித்துத் தருவதுபோலத் தருவார்கள். பெரும்பாலான பேதிக்கு ஆன்டிபயாடிக்கே வேண்டாம், ஓ.ஆர்.எஸ். கரைசல் போதும் என்று தங்கள் துறையே ஆண்டாண்டாய்ச் சொல்லிவருகிறது. அதைக் கடைக்காரரிடம் யார் சொன்னார்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் 1 முதல் மருந்து விதிகளின் எச்1 அட்டவணை நடைமுறையில் இருக்கிறது. அப்போது அதில் அறிவிக்கப்பட்ட 46 மருந்துகளை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் பேதிக்கு என்று அதிகம் விற்கும் சிப்ரோஃப்ளாக்சாசினும் ஓஃப்ளாக்சாசினும் அசித்ரோமைசினும் அறிவிக்கப்பட்ட அந்த 46-இல் இடம்பெறவில்லை. என் டப்பாவில் மிஞ்சிய இரண்டு மாத்திரைக்கு நான் விளக்கம் சொல்கிறேன். ஒரு நாளில் எத்தனை அட்டை வெட்டினோம் என்று அந்தக் கடை யாருக்கு விளக்கம் சொல்கிறது?

கடையோடு இது முடியவில்லை. ஹைதராபாத்துக்கு அருகே படான்செருவில், ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஆராய்ந்து 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சாசின் இருந்தது. மருந்து சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம். கழிவுநீரில் ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு கட்டும் வரைவு விதியைச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்டபோது, தாமதமானாலும் நியாயம் கிடைத்தது என்று மகிழ்ந்தோம். 2021 ஆகஸ்டில் இறுதி விதி வந்தது. அந்த வரம்புகள் அதில் இல்லை.

2010-இல் என்டிஎம்-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்ற எதிர்ப்பு மரபணுவைப் பற்றி லான்செட் குழும இதழில் வந்த கட்டுரையையும் தாங்கள் அறிவீர்கள். சென்னையில் 44, ஹரியானாவில் 26 கிருமி மாதிரிகளில் அது இருந்தது. மறு ஆண்டு டெல்லியில் 50 குழாய்நீர் மாதிரிகளில் 2-இலும், தெருவில் தேங்கிய 171 நீர் மாதிரிகளில் 51-இலும் அதே மரபணு கிடைத்தது. அப்போது அரசுத் தரப்பிலிருந்து பெரிய கோபம் எழுந்தது. ஒரு மரபணுவுக்கு நாட்டின் தலைநகரத்தின் பெயரை எப்படி வைக்கலாம் என்பது அந்தக் கோபம். தண்ணீரைப் பற்றி அவ்வளவு கோபம் எழவில்லை.

மருந்தெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் தேசியச் செயல்திட்டம் 2017-இல் வந்தது. அதன் காலம் 2021-இல் முடிந்தது. அடுத்த திட்டம் 2025 நவம்பரில்தான் வெளியானது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் கிருமிகள் காத்திருக்கவில்லை.

இவற்றின் விளைவு எங்களிடம் எப்படி வந்து சேர்கிறது என்று சொல்கிறேன். எங்களில் ஒருவருக்குக் காய்ச்சலோடு பேதி கண்டால் முதல் நாள் ஒரு மருந்து எழுதுவார்கள். மலத்தையும் ரத்தத்தையும் கல்ச்சர் வைத்து, அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும் என்று தெரியும். மாத்திரை மட்டும் தரும் இணைப்பு மையத்தில் அதற்கு வழியில்லை. பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதற்குள் ஊகத்தில் கொடுத்த மருந்து மாறியிருக்கும், மீண்டும் மாறியிருக்கும். நீர் வற்றிச் சிறுநீரகம் தளரும். வாந்தியில் கூட்டுமருந்தும் வெளியே வந்துவிடும், வேளை தவறும். நாங்கள் இத்தனை காலம் எண்ணிக் காத்த அந்தக் கணக்கை ஒரு பேதி கலைத்துவிடும். பாக்டீரியாவின் எதிர்ப்பு, ஹெச்.ஐ.வி.யின் எதிர்ப்புக்கும் வழி திறந்துவிடுகிறது. தங்கள் அரசு செலவழித்துக் கட்டிய சிகிச்சையே இப்படி அடியில் அரிக்கப்படுகிறது.

ஆகவே பணிவோடு கேட்பவை இவை. ரத்தத்தில் வைரஸின் அளவைப் பார்க்கும் வைரல் லோடு பரிசோதனைக்கு ரத்த மாதிரியை மையத்திலிருந்து ஆய்வகத்துக்கு அனுப்ப ஏற்பாடு இருப்பதுபோல, மல, ரத்தக் கல்ச்சருக்கும் ஏற்பாடு செய்யுங்கள்; செலவை நோயாளியின் தலையில் வைக்காதீர்கள். பேதிக்கென விற்கும் ஆன்டிபயாடிக் ஒவ்வொன்றையும் பதிவேட்டுக்குள் கொண்டுவாருங்கள். 2016-இல் 344, 2018-இல் 328 கலவை மருந்துகளைத் தடைசெய்த அதே துணிவை இன்னும் விற்பனையில் இருக்கும் பேதிக் கலவைகளிடமும் காட்டுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆண்டுதோறும் வெளியிடும் மருந்தெதிர்ப்பு அறிக்கையில் எங்களுக்கு வரும் குடல் தொற்றுகளுக்குத் தனி அட்டவணை சேருங்கள். ஆலைக் கழிவுக்கான வரம்பை மீட்டுத்தரச் சுற்றுச்சூழல் அமைச்சரிடம் எங்களுக்காகப் பேசுங்கள்.

இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பைக் கேட்கவில்லை. எங்களுக்குச் சலுகையும் கேட்கவில்லை. இந்த மருந்துகள் தீர்ந்தால் முதலில் சாவது நாங்கள். அடுத்து புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள், குறைமாதக் குழந்தைகள், பிறகு எல்லாரும். மருந்தை எண்ணிச் சாப்பிடும் ஒழுக்கத்தை எங்களிடம் கேட்டீர்கள், கொடுத்தோம். அதே ஒழுக்கத்தை விற்பவரிடமும் எழுதுபவரிடமும் தயாரிப்பவரிடமும் கேளுங்கள். கேட்கும் அதிகாரம் தங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஏ.ஆர்.டி. மைய வரிசையில் நிற்பவர்களில் ஒருவன்