'புதையல்' என்னும் பொய்ச்சொல்

கடந்த வாரம் ஒரு கருத்தரங்கில் மூன்று முதுகலை மாணவர்கள், இந்திய தேசிய இராணுவத்தின் 'காணாமற்போன புதையல்' பற்றித் தாங்கள் தேடித் தொகுத்தவற்றை முன்வைத்தனர். அவையில் சிரிப்பு எழுந்தது. "இது ஆய்வன்று, யூடியூப் சரக்கு" என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். அந்தச் சிரிப்பின் மீதுதான் எனக்குச் சினம்.

1945 ஆகஸ்ட் 18 அன்று தைஹோகுவில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் விமான விபத்தையே மறுப்போர் உண்டு. நகைகளோ தில்லியில் உள்ளன. எரிந்து உருகி மிஞ்சியவை, ஏறத்தாழ 11 கிலோ, 1952இல் தோக்கியோவிலிருந்து வந்தன. புறப்பட்டது எவ்வளவு, இடையில் குறைந்தது எவ்வாறு என்ற ஐயங்கள் அரசுக் கோப்புகளிலேயே பதிவாகியுள்ளன. 2016 முதல் அவற்றுள் பல பொதுப்பார்வைக்கும் வந்துவிட்டன. அம்மாணவர்கள் அவற்றைப் படித்திருந்தனர். சிரித்தவர்களுள் எத்தனை பேர் படித்திருந்தனர் என நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

மாணவர்களிடமும் எனக்கொரு வழக்குண்டு. 'புதையல்' என்ற சொல்லை ஏன் ஏற்றுக்கொண்டீர்கள்? 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமே மண்ணுள் மறைந்து கிடப்பதைத்தான் அவ்வாறு அழைக்கிறது. இத்தங்கத்தை எவரும் புதைக்கவில்லை. மலாயாவிலும் பர்மாவிலும் வாழ்ந்த இந்தியர் கழற்றிக் கொடுத்தது அது. பெருவணிகர் கொடுத்தனர், உண்மை. இரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் தோட்டையும் வளையலையும் கொடுத்தனர். தாலியையே கொடுத்தவரும் உண்டு. அரிசியின்றி மரவள்ளிக் கிழங்கு தின்ற ஜப்பானியர் ஆட்சிக் காலம் அது. பால்வெட்டும் பெண்ணுக்கு அந்தக் குன்றிமணித் தங்கத்தைத் தவிர வேறு சேமிப்பு ஏது? எல்லாரும் மனமுவந்தே கொடுத்தனரா, சிலர் அஞ்சிக் கொடுத்தனரா? புதையல் என்றதும் இவ்வினாக்கள் மறைந்து, திருடியவன் யார் என்ற துப்பறியும் கதை மட்டுமே எஞ்சுகிறது.

ஷா நவாஸ் குழு, கோஸ்லா ஆணையம், முகர்ஜி ஆணையம் ஆகிய மூன்றுக்கும் தலையாய வினா நேதாஜியின் முடிவு. கொடுத்தவர்கள் யார் என்பதன்று. கொடுத்த கைகள் பெரும்பாலும் எழுதப் பழகாதவை. அவர்கள் கதை பேச்சில்தான் தங்கியிருக்கும், அதுவும் தோட்டத்துத் தமிழில். அன்று இருபது வயதானவருக்கு இன்று நூறு கடந்திருக்கும். தாயின் வெறுங்காதைக் கண்ட மகள்கள் எண்பதுகளில் இருப்பர். கிள்ளானிலும் ஈப்போவிலும், ஊர் திரும்பிய குடும்பங்களிலும் அவர்களைத் தேடலாம். ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையும் போதும்.

அம்மூவருள் ஒருவர் தமிழ் மாணவி. முனைவர் பட்டத்திற்கு இதையே மேற்கொள்ள விரும்புகிறார். இதுவரை அவருக்கு நெறியாளர் அமையவில்லை. வாய்மொழி வரலாற்றில் பயிற்சியுடைய, தமிழறிந்த பேராசிரியர் எவரேனும் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள்.