பாட்டன் பெருமையும் பேரன் கடமையும்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மீலாது மேடையில் நாமும் பேச்சாளர்களில் ஒருவராக அமர்ந்திருந்தோம். நமக்கு முன் பேசிய அன்பர் நாவன்மை மிக்கவர். பாரசீகத்து இஸ்ஃபஹான் நகரின் சுவர் ஓடுகளைப் பற்றி அழகாக வருணித்துவிட்டு, "2011-ஆம் ஆண்டில் ஒரு விஞ்ஞானிக்கு நோபல் பரிசு கொடுத்தார்களே, அவர் கண்டுபிடித்ததை நம் பாட்டன்மார் 1453-லேயே சுவரில் பதித்து வைத்துவிட்டார்கள்!" என்று முடித்தார். கூட்டம் தக்பீர் முழங்கிற்று. நாமும் முழங்கினோம்.

மேடையை விட்டு இறங்கியபோது, நம்மிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் அருகில் வந்து சலாம் உரைத்தார். அப்போது அவர் பொறியியல் கல்லூரியில் பயின்று கொண்டிருந்தார். "ஹஜ்ரத், தாங்கள் செய்தது இன்னதென்று அந்த ஓடு பதித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று என்ன? எந்தக் கிதாபில் அதை எழுதி வைத்திருக்கிறார்கள்?" என்று பணிவோடு கேட்டார். நம்மிடம் விடை இல்லை. "பிறகு பேசுவோம், தம்பி" என்று சொல்லி நழுவிவிட்டோம்.

அன்று சொன்ன அந்தப் "பிறகு" இந்தக் கட்டுரைதான். அவருக்குக் கடன்பட்ட விடையைச் சமுதாயத்தின் முன் வைக்கிறோம். சிலருக்கு இது கசக்கும். மருந்தும் கசக்கத்தான் செய்யும்.

முதலில் நடந்தது என்னவென்று பார்ப்போம். 1982-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் டான் ஷெக்ட்மன் என்ற விஞ்ஞானி, அலுமினியமும் மாங்கனீசும் கலந்த ஓர் உலோகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். படிகங்களில் அணுக்கள் ஒரே அமைப்பில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கும் என்பது அதுவரை இருந்த கொள்கை. அவர் கண்ட அடுக்கிலோ ஒழுங்கு இருந்தது. ஆனால் ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் வரவில்லை. பெரும் பெயர் பெற்ற அறிஞர்களே அவரை நம்ப மறுத்தனர். இருமுறை நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங் இறுதிவரை ஒப்பவில்லை. ஷெக்ட்மன் பின்வாங்காது நின்றார். 2011-இல் வேதியியலுக்கான பரிசு அவருக்குக் கிடைத்தது. இத்தகைய பொருளைக் குவாசி படிகம் என்கின்றனர்.

2007-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர் பீட்டர் லூ என்பவரும், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் ஸ்டெய்ன்ஹார்ட்டும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லூ உஸ்பெகிஸ்தானில் பயணம் செய்தபோது பழைய கட்டடச் சுவர்களின் கோலங்களைக் கண்டு வியந்தவர். பத்துமுக வடிவம், ஐம்முக வடிவம், சாய்சதுரம் முதலாக ஐந்தே ஐந்து ஓட்டு வடிவங்களை ஒட்டி ஒட்டி வைத்துக் கைவினைஞர்கள் அக்கோலங்களை அமைத்தனர் என்று அவர்கள் காட்டினர். இஸ்தான்பூலின் தோப்காபி அரண்மனையில் காக்கப்பட்டு வரும் பழைய வரைபடச் சுருள் அதற்குத் துணை நின்றது. இஸ்ஃபஹானின் தர்பே இமாம் கட்டடத்தில் 1453-இல் பதித்த கோலம், குவாசி படிகத்தின் கணித அமைப்பை மிக நெருங்குகிறது என்றும் அவர்கள் கூறினர். ஏறத்தாழ 3,700 துண்டுகளாகப் பிரித்து ஒப்பிட்டபோது, 11 இடங்களில் மட்டுமே பிழை தென்பட்டதாம்.

படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது அல்லவா? நிமிரட்டும். அந்தக் கைகளுக்கு நம் நன்றி என்றும் உரியது. ஆனால் அதே ஆய்வாளர்கள், அக்கைவினைஞர்கள் அக்கணிதத்தை உணர்ந்து செய்தார்கள் என்று அறுதியிட்டுக் கூறவில்லை. அவ்வளவு தூரம் செல்வதற்கே இடமில்லை என்று மறுத்து எழுதிய கணித அறிஞர்களும் உண்டு. உலோகத்தின் அணு அடுக்கைப் பற்றி 1453-இல் எவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆகவே, "ஷெக்ட்மன் கண்டதை நாங்கள் முன்பே கண்டோம்" என்பது உண்மையன்று. உண்மையல்லாததற்கா நாம் தக்பீர் முழங்கினோம்? எண்ணிப் பார்க்கையில் நாணமாக இருக்கிறது.

இன்னொரு கேள்வியும் எழுகிறது. அந்தச் சுவர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம்மவர் கண்முன் நின்றது. தொழச் சென்றோர் பார்த்தனர். ஜியாரத்துக்கு வந்தோர் பார்த்தனர். அண்மையில் படம் பிடித்துக் கொண்டு வந்தோரும் பார்த்தனர். "இதை எப்படிச் செய்தார்கள்?" என்று கேட்டு, அளவுகோல் எடுத்து அளந்து, விடை காணும் வரை விடாதிருந்தவர் நம் இல்லங்களிலிருந்து ஏன் புறப்படவில்லை? விடையை வேறொருவர் கண்ட பிறகு, "அது எங்களுடையது" என்று உரிமை கொண்டாட மட்டும் நாம் முந்திக்கொள்கிறோம். உழாத நிலத்தில் அறுவடைக்கு அரிவாளோடு நிற்பதற்கு என்ன பெயர்?

மருத்துவத்திலும் இதே கதைதான். இப்னுந் நஃபீஸ் 1213-இல் டமாஸ்கஸில் பிறந்து, 1288-இல் கெய்ரோவில் மறைந்தவர். மருத்துவர் மட்டுமல்லர், ஷாஃபியீ மத்ஹபின் ஃபிக்ஹு கற்பித்த ஆலிமும் ஆவார். இப்னு ஸீனாவின் 'கானூன்' நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு 1242-இல் அவர் ஒரு ஷரஹு எழுதினார். இதயத்தின் வலப்பக்க அறையிலிருந்து இடப்பக்க அறைக்கு, நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக இரத்தம் செல்கிறது என்று கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளாக உலகம் அதை நம்பிற்று. இப்னுந் நஃபீஸ் அதை மறுத்தார். அச்சுவர் கனமானது, அதில் துளையே இல்லை, இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, காற்றோடு கலந்து, அங்கிருந்தே இடப்பக்கம் வருகிறது என்று தெளிவுபட எழுதி வைத்தார்.

ஷரஹு எழுதுவதென்பது மூலநூலுக்கு ஆமாம் போடுவதன்று என்பதை மத்ரஸாவில் ஓதிய எவரும் அறிவர். இப்னு ஸீனாவின் மீது அவருக்கு மதிப்பு இல்லையா? இருந்ததனால்தான் உரை எழுதினார். உண்மையின் மீது அதைவிட மதிப்பு இருந்ததனால்தான் மறுத்தார்.

பிறகு என்ன ஆயிற்று? அந்தக் கருத்து நம் மருத்துவப் பாடங்களில் வேரூன்றவில்லை. நூல் பேழைக்குள் உறங்கிற்று. 1628-இல் ஹார்வி இரத்த ஓட்டம் பற்றிய தம் நூலை வெளியிட்டு உலகப் புகழ் எய்தினார். 1924-இல்தான் முஹ்யித்தீன் அத்ததாவீ என்ற எகிப்திய மருத்துவர், ஜெர்மனியில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கையில், பெர்லின் நூலகத்தில் அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். எழுதியவர் நம்மவர், எழுதிய மொழி அரபி, கண்டெடுத்த இடம் பெர்லின். இடையே கழிந்த ஆண்டுகள் 682. இந்த எண்ணைச் சொல்லித் தக்பீர் முழங்க முடியுமா?

முன்னோர் நூல் உறங்காமல் விழித்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சீன நாட்டில் ஒரு சான்று உண்டு. 1967-இல் அந்நாட்டு அரசு மலேரியாவுக்கு மருந்து தேடத் தொடங்கியது. அப்பணியில் சேர்ந்த து யூயூ என்ற பெண்மணி, பழைய மருத்துவ ஏடுகளிலிருந்தும் வைத்தியர்களிடமிருந்தும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட மருந்து முறைகளைத் திரட்டினார். சிங்ஹாவ் என்ற மூலிகையின் சாறு ஒருமுறை பலன் தந்தது, மறுமுறை தரவில்லை. "நம் முன்னோர் சொன்னது பொய்யாகுமா?" என்று அவர் மேடையேறி முழங்கவில்லை. "பொய்தான்" என்று ஏட்டைத் தூக்கி எறியவும் இல்லை. மீண்டும் ஏட்டைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டில் கெ ஹோங் எழுதிய நூலில், அம்மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்குமாறு சொல்லியிருந்தது. காய்ச்சுமாறு சொல்லவில்லை. சூடு மருந்தின் வீரியத்தைக் கெடுக்கிறது போலும் என்று அவருக்குப் பொறி தட்டியது. குறைந்த சூட்டில் ஈதரைக் கொண்டு சாறு இறக்கினார். 1971-இல் அது விலங்குகளில் முழுப் பலன் தந்தது. 1972-இல் அதைத் தாமே உட்கொண்டு சோதித்தார். அதிலிருந்து கிடைத்த ஆர்ட்டெமிசினின் உலகெங்கும் எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது. 2015-இல் மருத்துவ நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

அதே 2015-இல் வேதியியல் பரிசைப் பெற்ற மூவருள் ஒருவர் துருக்கி நாட்டில் பிறந்த அஸீஸ் ஸன்ஜார். செய்தி வந்த நாளில் நாமெல்லாம் அவர் பெயரைக் கேட்டு மகிழ்ந்தோம். அவர் என்ன கண்டார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? வெயிலின் புற ஊதாக் கதிர் உயிரணுவின் டி.என்.ஏ. இழையைச் சிதைக்கிறது. சிதைந்த பகுதியை உயிரணு தானே அறிந்து, இருபுறமும் வெட்டி அகற்றி, புதிதாய் நெய்து கொள்கிறது. பாக்டீரியாவில் அந்த வெட்டு எவ்வாறு நிகழ்கிறது, எத்தனை கூறு நீளமுள்ள துண்டு நீங்குகிறது என்று அவர் அளந்து காட்டினார். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிறந்து, மருத்துவம் பயின்று, சொந்த ஊர்ப் பக்கத்தில் வைத்தியம் பார்த்தவர் அவர். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்ற பிறகும் மூன்று ஆய்வுக்கூடங்கள் இடம் தர மறுத்தமையால், யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலையை ஏற்று உழைத்தார். அவர் பெயர் நமக்குச் சொந்தம் என்றால், அந்த உழைப்பு யாருக்குச் சொந்தம்?

இங்கே அன்பர் சிலர் குறுக்கிடுவர். "நம் முன்னோரின் சாதனைகளைப் பாடநூல்கள் மறைத்துவிட்டன. பிள்ளைகள் தாழ்வு மனப்பான்மையோடு வளர்கிறார்கள். கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன குற்றம்?" என்பர். மறைத்தது உண்மை, வெளிக்கொணர வேண்டியதும் உண்மை. ஆனால் உள்ளதே போதுமானதாய் இருக்கையில் கூட்டுவானேன்? இப்னுல் ஹைஸம் ஒளியை ஆராய்ந்து ஏழு பாகங்களில் 'கிதாபுல் மனாழிர்' எழுதியது மெய். உண்மையை நாடுவோன் தான் படிக்கும் நூலுக்கே எதிரியாய் நின்று, எல்லாப் பக்கத்திலும் அதைச் சோதிக்க வேண்டும் என்று பத்லமியூஸின் மீது அவர் ஐயம் எழுப்பியதும் மெய். இந்த மெய்யைச் சொன்னால் பிள்ளை ஆராய்ச்சிக்குப் புறப்படுவான். "எல்லாம் முன்பே கண்டாயிற்று" என்று சொன்னால் பாயை விரித்துப் படுப்பான்.

வேறு சிலர், "எல்லா விஞ்ஞானமும் இறைமறையில் இருக்கிறதே, நாம் ஏன் தேட வேண்டும்?" என்பர். இதற்கு விடை கூறப் புதிதாய் எவரும் வர வேண்டியதில்லை. 1388-இல் மறைந்த கர்னாத்தா நகரத்து இமாம் ஷாத்திபீ, தம் 'அல் முவாஃபகாத்' நூலில், எல்லாக் கலைகளையும் திருக்குர்ஆனின் மீது ஏற்றிக் கூறுவதை மறுத்துள்ளார். ஒரு காலத்தில் கிரேக்கரின் வான மண்டலக் கொள்கையோடு ஏழு வானங்களையும் குர்ஸையும் அர்ஷையும் பொருத்தி, கணக்கு சரியாக இருக்கிறதென்று மகிழ்ந்தோர் இருந்தனர். பிறகு அந்த மண்டலக் கொள்கையே சரிந்தது. இறைமறைக்கு ஒரு குறையும் வரவில்லை. அந்தப் பொருத்தம் மட்டும் பொருளற்றுப் போயிற்று. மாறும் கொள்கையில் மாறாத வேதத்தைக் கட்டினால், கொள்கை விழும் நாளில் இளம் உள்ளமும் சேர்ந்து விழும். அந்தப் பாவத்துக்கு யார் பொறுப்பு? கல்லூரிக்குப் போகும் பிள்ளையா, கட்டிவிட்ட நாமா?

இதைப் பிறரை நோக்கி மட்டும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வரும் நாமே, சரிபார்க்காமல் எத்தனையோ செய்திகளை வகுப்பில் சொல்லியிருக்கிறோம். ஹதீஸைப் பற்றிப் பேசும்போது "ஸனது எங்கே?" என்று கேட்கிறோம். அறிவிப்பாளர் நம்பத் தகுந்தவரா என்று வரிவரியாய் ஆராய்கிறோம். விஞ்ஞானச் செய்தி என்றால் மட்டும் அந்த உரைகல்லை ஏன் தூர வைத்தோம்? அந்த மாணவர் கேட்டது நாம் அவருக்குக் கற்பித்த கேள்வியைத்தான். கற்பித்தவர் மறந்தார், கற்றவர் மறக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு செய்தியைக் கேட்டுவிட்டு "சான்று என்ன?" என்று வினவினால் அதட்டாதீர்கள். இப்னுந் நஃபீஸின் குரல் அது. உங்கள் வீட்டுப் பரணில் பாட்டனார் வைத்துப்போன அரபி ஏடோ அரபுத்தமிழ் ஏடோ கிடந்தால், கறையானுக்கு விடாதீர்கள். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இன்னொரு பெர்லின் வந்து அதைக் காக்க வேண்டுமா? பள்ளிவாசல் ஜமாஅத்துகளே, மேடைக்கும் பந்தலுக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கை எடுத்து, ஆய்வுப் படிப்பு படிக்கும் ஏழை மாணவர் ஒருவருக்காவது கொடுங்கள்.

அந்த மாணவர் இப்போது எங்கிருக்கிறார் என்று விசாரித்து வருகிறோம். சந்திக்கும் நாளில், "தம்பி, நீர் கேட்டதே சரி, நாம் முழங்கியது தவறு" என்று அவர் முகம் பார்த்துச் சொல்வோம். ஆசிரியனுக்கு அதனால் இழுக்கு வராது. பாட்டன் பெருமையைப் பேரன் காக்கும் வழி அங்கேதான் தொடங்குகிறது.